ஒரு கோப்பை சீசனைத் தூக்கி நிறுத்துமா?

டென்னிஸ் வர்ணனையாளர்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. ஜனவரியிலிருந்து தோற்றுக்கொண்டே வரும் பெரிய வீரர் ஒருவர் புல்தரையில் கால் வைப்பார். உடனே, "இவருக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு நல்ல தொடர், அது கிடைத்துவிட்டால் சீசனே மாறிவிடும்" என்பார்கள். சொல்பவருக்கு இதில் எந்த ஆபத்தும் இல்லை. அந்த வீரர் வென்றால் கணிப்பு பலித்துவிட்டது. தோற்றால், வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பொய்யாகவே ஆக முடியாத இப்படி ஒரு கூற்றைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வெல்வதற்கு முன் என்ன நடந்திருந்தது, வென்ற பிறகு என்ன நடந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் கோப்பையைத் தூக்கும் படத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த வாக்கியம் இத்தனை ஆண்டுகளாகப் பிழைத்திருப்பது அதனால்தான்.

சோதனையைத் தொடங்க 1999 பிரெஞ்சு ஓபன் ஆடவர் இறுதிப்போட்டியைவிட நல்ல இடம் கிடையாது. அன்று வலையின் இரு பக்கமும் நின்றவர்கள் சரிந்து எழுந்தவர்கள். ஒருவர் ஆந்த்ரே அகாசி. 1997 நவம்பரில் உலகத் தரவரிசையில் 141-ஆம் இடம்வரை போனவர். மற்றவர் உக்ரைனின் ஆந்த்ரே மெத்வதேவ். 1994-இல் உலகின் நான்காம் நிலை வீரர், பாரிஸுக்கு வந்தபோது 100-ஆம் இடம். (இன்றைய ரஷ்ய வீரர் டானில் மெத்வதேவ் வேறு ஆள், அவரும் சற்றுப் பின்னால் வருவார்.) அந்த இரண்டு வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மெத்வதேவின் பயணமே பெரிது. இரண்டாம் சுற்றில் பீட் சாம்ப்ராஸை வீழ்த்தினார். காலிறுதியில், அதே களிமண்ணில் 1997-இல் பட்டம் வென்ற குஸ்தாவோ குயெர்டனை நேர் செட்டுகளில் அனுப்பிவைத்தார். இறுதிப்போட்டியிலும் முதல் இரண்டு செட்டுகளை 6-1, 6-2 என்று எடுத்துக்கொண்டார். பிறகு அகாசி விழித்துக்கொண்டு 6-4, 6-3, 6-4 என்று அடுத்த மூன்றையும் வென்றார்.

பின்கதை தெரிந்ததுதான். அகாசி அடுத்த மாதம் விம்பிள்டன் இறுதிக்குப் போனார், உலகின் முதல் இடத்தைத் தொட்டார், அமெரிக்க ஓபனை வென்றார், ஆண்டையும் முதலிடத்திலேயே முடித்தார். 2000 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனும் அவருக்கே. மெத்வதேவுக்கோ அதன் பின் ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2001-இல், முப்பது வயது ஆகும் முன்பே, ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார், வித்தியாசம் அதனால்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அகாசி சரிசெய்யப்பட்டது பாரிஸில் இல்லை. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, கிராண்ட்ஸ்லாம் சாம்பியனான அவர், சேலஞ்சர் எனப்படும் இரண்டாம் நிலைத் தொடர்களில் இறங்கி ஆடினார். சொந்த ஊரான லாஸ் வேகஸில் இறுதிப்போட்டியில் தோற்றார். அடுத்து பர்பாங்கில் வென்றார். 1998 முழுக்க ஏறி, ஆண்டு முடிவில் ஆறாம் இடத்துக்கு வந்திருந்தார். பாரிஸ் கோப்பை அந்த ஏற்றத்தின் உச்சம். தொடக்கம் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. மெத்வதேவுக்கு அப்படி ஒரு முன்கதை இல்லை. இரண்டு வாரம் பழைய ஆட்டம் திரும்ப வந்தது, பிறகு போய்விட்டது.

ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னும் அருகில் உள்ள, வார வாரமாகப் பின்தொடரக்கூடிய சான்று நோவாக் ஜோகோவிச்சின் 2018. "ஒரு தொடர் போதும்" என்பவர்கள் முதலில் காட்டுவதும் அதைத்தான். ஆஸ்திரேலிய ஓபனில் தென்கொரியாவின் ஹியான் சுங்கிடம் தோல்வி, அதையடுத்து முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அவசரமாகத் திரும்பி வந்து இண்டியன் வெல்ஸில் டாரோ டேனியலிடமும் மயாமியில் பெனுவா பேரிடமும் தோற்றார். அப்போது அவருக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே அகாசி. மீண்டெழும் கலையை அவரைவிட அறிந்தவர் இருக்க முடியாது. ஆனாலும் அந்தக் கூட்டணி வசந்த காலத்தைத் தாண்டவில்லை. தரவரிசை 22-க்கு இறங்கியது. பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் மார்கோ செக்கினாட்டோவிடம் தோற்ற அன்று, புல்தரை சீசனில் ஆடுவேனா என்றே தெரியவில்லை என்றார். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் கோப்பை அவர் கையில் இருந்தது. பிறகு சின்சினாட்டி, அமெரிக்க ஓபன், ஷாங்காய், ஆண்டு முடிவில் முதலிடம். ஒரே சீசனில் முதல் இருபதுக்கு வெளியே இருந்து முதலிடத்துக்கு வந்தவர், 2000-இல் மராட் சாஃபினுக்குப் பிறகு அவர்தான்.

மந்திரம் போலத் தெரியும் இந்தக் கதையில், இடையில் நடந்ததை மட்டும் பிரித்து எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் பழைய பயிற்சியாளர் மரியான் வாய்தா திரும்பி வந்தார். பார்சிலோனாவில் முதல் ஆட்டத்திலேயே தோல்வி, மாட்ரிட்டில் இரண்டாம் ஆட்டத்தில் தோல்வி. மே மாதம் ரோமில் அரையிறுதிவரை போய் நடாலிடம் தோற்றார். முதல் செட் டைபிரேக்கர்வரை நீண்டது. ஜூனில் லண்டன் குவீன்ஸ் கிளப் இறுதிப்போட்டியில் மரின் சிலிச்சை எதிர்த்து வெற்றிப் புள்ளியில் நின்று, அதைத் தவறவிட்டுத் தோற்றார். எல்லாம் தோல்விகள்தான். ஆனால் மார்ச் மாதத் தோல்விக்கும் ஜூன் மாதத் தோல்விக்கும் இடையே மலையளவு தூரம். மார்ச்சில் யாரிடமும் தோற்றார். ஜூனில் மிகச் சிலரிடம், மிகச் சிறிய இடைவெளியில் தோற்றார். விம்பிள்டன் அரையிறுதியில் நடாலை ஐந்தாவது செட்டில் 10-8 என்று வென்றபோது உலகம் வியந்தது. தோல்விகளைக் கவனித்து வந்தவர்கள் அவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள். (அதிர்ஷ்டமும் இருந்தது. இறுதியில் எதிரே நின்ற கெவின் ஆண்டர்சன், தன் அரையிறுதியை ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஆடிக் களைத்திருந்தார்.)

இதே தடயம் வேறு இடங்களிலும் கிடைக்கிறது. 2024 பிரெஞ்சு ஓபனுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் பட்டமே இல்லாமல் இருந்த இகா ஸ்வியாடெக், 2025 விம்பிள்டன் இறுதியில் அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றார். புல்தரை அவருக்கு ஒத்துவராது என்று எழுதியவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் விம்பிள்டனுக்கு முந்தைய வாரமே பாட் ஹோம்பர்க்கில் தொழில்முறை வாழ்க்கையின் முதல் புல்தரை இறுதிப்போட்டிக்கு வந்து, ஜெசிகா பெகுலாவிடம் தோற்றிருந்தார். டானில் மெத்வதேவ் 2025-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் சேர்த்து ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றார். நீண்ட காலமாக உடனிருந்த பயிற்சியாளரையும் பிரிந்தார். அக்டோபரில் கஜகஸ்தானின் அல்மாட்டியில், 2023 மே மாதத்துக்குப் பின் முதன்முறையாக ஒரு பட்டம் வென்றார். அல்மாட்டி அவரை மீட்டது என்று தலைப்புகள் வந்தன. அதற்கு முன்பே பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அடுத்தடுத்து அரையிறுதிவரை போயிருந்தார் என்பது அந்தச் செய்திகளின் உள்ளே எங்கோ கிடந்தது.

இனி எதிர்ப்பக்கம். முன்தடயமே இல்லாமல் வந்த மாபெரும் வெற்றி என்றால் அது கோரன் இவானிசெவிச்சின் 2001 விம்பிள்டன். 1992, 1994, 1998 என மூன்று முறை அங்கே இறுதியில் தோற்றவர். முந்தைய நவம்பரில் பிரைட்டனில் கையிலிருந்த மட்டைகள் எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, ஆட மட்டை இல்லாமல் ஆட்டத்தை இழந்தவர். 2001 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றைக்கூடத் தாண்டவில்லை. 125-ஆம் நிலை வீரரான அவருக்கு விம்பிள்டன் வைல்ட் கார்டு கொடுத்தது, பழைய நாட்களை மதித்து. அந்த இரண்டு வாரத்தில் 213 ஏஸ்கள். வீழ்ந்தவர்கள் ரோடிக், சாஃபின், மழையால் மூன்று நாள் இழுத்த அரையிறுதியில் ஹென்மன், திங்கட்கிழமை நடந்த இறுதியில் ஐந்தாவது செட்டில் 9-7 என்று ரஃப்டர். டென்னிஸ் வரலாற்றில் இதற்கு இணையான கதைகள் அதிகம் இல்லை.

அந்த வெற்றி அவருடைய சீசனை மீட்டதா? இல்லை. அதன் பிறகு அவர் ஒரு பட்டமும் வெல்லவில்லை. தோளில் அறுவைச் சிகிச்சை, நீண்ட ஓய்வுகள், 2004 விம்பிள்டனோடு விடைபெறல். தோள் அந்த இரண்டு வாரமும் தாங்கியது, அதற்குப் பின் தாங்கவில்லை. இவானிசெவிச்சுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்திருக்காது, கேட்டதைப் பெற்றுவிட்டார். ஆனால் "ஒரு தொடர் சீசனை மாற்றும்" என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுகிறவர்கள், வாழ்நாள் ஆசை நிறைவேறியதையும் சீசன் மீண்டதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் சமீபத்திய பலி ஸ்டெஃபனோஸ் சிட்சிபாஸ். 2025 மார்ச்சில் துபாயில் பட்டம் வென்றார். ஏடிபி 500 தொடர்களில் பதினோரு இறுதிப்போட்டிகளில் தோற்ற பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. மட்டையை மாற்றியிருந்தார், முதல் பத்துக்குள் திரும்பினார். பழைய சிட்சிபாஸ் வந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னோம். பிரெஞ்சு ஓபன் இரண்டாம் சுற்றில் தகுதிச்சுற்றிலிருந்து வந்த மத்தேயோ ஜிகாந்தேயிடம் தோற்றார். விம்பிள்டனுக்குப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டது சாட்சாத் இவானிசெவிச்சை. முதல் சுற்றிலேயே முதுகு வலியால் பாதியில் வெளியேறினார். அந்தக் கூட்டணி சில வாரங்களில் கலைந்தது. ஆண்டு முடிந்தபோது முதல் முப்பதுக்கு வெளியே இருந்தார். துபாய் வெற்றி போலி என்று நான் சொல்லவில்லை. அந்த வாரம் அவர் ஆடியது உண்மையான டென்னிஸ். ஆனால் மாறியது மட்டை மட்டுமே. முதுகு பழைய முதுகாகவே இருந்தது.

துபாய் புள்ளிகளுக்கும் ஒரு முடிவு தேதி இருந்தது. தரவரிசை 52 வாரக் கணக்கில் ஓடுகிறது. இந்த வாரம் வென்ற புள்ளி அடுத்த ஆண்டு இதே வாரம் கழிந்துவிடும். கிராண்ட்ஸ்லாம் சாம்பியனுக்கு 2000, காலிறுதிக்கு வந்தவருக்குச் சுமார் 400 என்ற ஏணியில், ஒரே இடத்தில் பெற்ற பெரும் புள்ளி ஓராண்டுக் குத்தகைதான். தவணை முடியும்போது நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மார்கெட்டா வோன்ட்ரூசோவா இதைக் கசப்போடு அறிந்தவர். 2023-இல் போட்டித் தரநிலை பெறாமல் விம்பிள்டனை வென்ற முதல் பெண். மறு ஆண்டு நடப்புச் சாம்பியனாக வந்து முதல் சுற்றில் ஜெசிகா பௌசாஸ் மனெய்ரோவிடம் தோற்றபோது அந்த வெற்றியின் புள்ளி ஏறக்குறைய மொத்தமும் ஒரே பகலில் போயிற்று. பிறகு தோள் அறுவைச் சிகிச்சை, 164-ஆம் இடம். 2025 ஜூனில் பெர்லினில் சபலென்காவை அரையிறுதியில் வென்று பட்டமும் வென்றபோது 73-க்குத் தாவினார். விம்பிள்டனுக்கும் பெர்லினுக்கும் இடையே அவருக்கு வேறு பட்டமே இல்லை. இரண்டு உச்சங்கள், நடுவில் உடம்போடு நடந்த நீண்ட வழக்கு.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது தன்னம்பிக்கை. டென்னிஸ் தனி ஆள் ஆட்டம். 30-40 என்ற கணத்தில் இரண்டாவது சர்வை எவ்வளவு துணிந்து அடிப்பது என்பதைப் பயிற்சிக் களத்தில் கற்றுத்தர முடியாது; வென்ற நினைவுதான் கற்றுத்தரும். தொடர்ந்து தோற்பவர் கோட்டுக்கு ஓரடி உள்ளே பந்தை வைக்கிறார், எதிராளி அதைத் தண்டிக்கிறார், அதனால் இன்னும் ஓரடி உள்ளே வைக்கிறார். அந்தச் சுழலை ஒரு நல்ல வாரம் அறுத்துவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. பாரிஸ் கோப்பை இல்லாமல் அகாசிக்கு அந்த அமெரிக்க ஓபன் கிடைத்திருக்குமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். ஆனால் தன்னம்பிக்கை, இருக்கிற ஆட்டத்தை வெளியே கொண்டுவரும். இல்லாத ஆட்டத்தை உண்டாக்காது. முழங்கை ஆறியிருந்த ஜோகோவிச்சுக்கு அது பயன்பட்டது. தோள் தேய்ந்திருந்த இவானிசெவிச்சுக்கு இரண்டு வாரம் மட்டும் பயன்பட்டது.

இதுவரை பேசியதெல்லாம் பெரிய பெயர்கள். அவர்களுக்கு ஒரு தொடரில் தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு தொடர் காத்திருக்கிறது. நுழைவு உறுதி, பணக் கவலை இல்லை. "ஒரே ஒரு நல்ல தொடர்" என்ற பேச்சு அவர்களைப் பற்றியே எழுவதுதான் இதில் எனக்குப் பெரிய வியப்பு. அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருப்பது, வர்ணனையாளர்கள் பெயரே சொல்லாத இடத்தில்.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடங்கள். அவற்றில் 104 தரவரிசைப்படி நேரடியாகப் போகின்றன. எட்டு வைல்ட் கார்டு. மீதி 16-க்குத் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும். தொடருக்கு ஆறு வாரம் முன்பே பட்டியல் மூடிவிடும். ஆக, 95-ஆம் இடத்துக்கும் 125-ஆம் இடத்துக்கும் ஆட்டத்தில் இருக்கும் வித்தியாசம் சிறிது, வாழ்க்கையில் பெரிது. முன்னவருக்கு ஆண்டுக்கு நான்கு முறை முதல் சுற்றுப் பரிசுத்தொகை உறுதி. பின்னவர் அதற்காகத் தகுதிச்சுற்றில் உயிரைக் கொடுக்க வேண்டும்.

சுமித் நாகலின் கதை இதற்கு நேரான சான்று, அதில் சென்னையும் இருக்கிறது. 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்தும், வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றைத் தாண்டி, முதல் சுற்றில் 31-ஆம் தரநிலை பெற்ற அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்டுகளில் வென்றார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற வீரரை ஓர் இந்தியர் வென்றது 35 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதற்கு முன், 1989-இல் அதே மெல்பர்னில் உலக முதல்நிலை வீரர் மேட்ஸ் விலாண்டரை வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். இரண்டாம் சுற்றோடு நாகல் வெளியேறினார். கையில் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பயிற்சியாளருக்கும் பிசியோவுக்கும் விமானத்துக்கும் ஓராண்டு தாங்கும் பணம். அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சரை வென்று 98-ஆம் இடம் பிடித்தார். அதன் பலன், பிரெஞ்சு ஓபனிலும் விம்பிள்டனிலும் தகுதிச்சுற்று இல்லாமல் நேரடி நுழைவு. ஜூலையில் 68. இது சீசனை மாற்றிய தொடர் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதுவும் குத்தகைதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு அந்தப் புள்ளிகள் கழிந்தபோது நாகல் முதல் நூறுக்கு வெளியே போனார். 2025 நடுவில் இருநூறையும் தாண்டிச் சரிந்திருந்தார். ஆனாலும் 2024-ஐ யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. மொனாக்கோவின் வாலன்டின் வாஷெரோவுக்கு 2025 அக்டோபரில் ஷாங்காயில் நடந்தது இதைவிட விந்தை. 204-ஆம் இடத்தில் இருந்தவருக்குத் தகுதிச்சுற்றிலேயே முதலில் இடமில்லை. சிலர் விலகியதால் உள்ளே வந்தார். அரையிறுதியில் ஜோகோவிச்சையும் இறுதியில் தன் ஒன்றுவிட்ட சகோதரர் ஆர்தர் ரிண்டர்க்னெக்கையும் வென்று, 40-ஆம் இடத்துக்குப் போனார். அந்த ஒரு தொடரின் பரிசுத்தொகை, அதுவரை தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஈட்டிய மொத்தத்தைவிடக் கூடுதல். சில வாரம் கழித்து பாரிஸ் மாஸ்டர்ஸில் காலிறுதிவரை போனார். தொடர் ஆட்டத்தை மாற்றியதோ இல்லையோ, ஆடும் இடத்தை மாற்றிவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் இருபதில் இருந்து சரிந்தவருக்கு ஒரு கோப்பை மருந்து ஆகாது. உடம்போ பயிற்சியோ ஆட்ட அட்டவணையோ ஏற்கெனவே சரியாகிவிட்டது என்பதற்கு அது வெளியில் தெரியும் அடையாளம். அவை சரியாகாதபோது அழகான விதிவிலக்கு மட்டுமே. 80-க்கும் 250-க்கும் இடையே இருப்பவருக்கு அது மெய்யாகவே மருந்து, ஓராண்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே காயமும் அதிர்ஷ்டமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அடுத்த முறை ஒரு பெரிய வீரரைக் குறித்து அந்த வாக்கியம் காதில் விழும்போது, அவர் கடைசியாக யாரிடம், எந்தச் சுற்றில், எவ்வளவு நெருக்கமாகத் தோற்றார் என்று பாருங்கள். மீட்சி வரப்போகிறதா என்பதற்கு வெற்றிப் பட்டியலைவிட நம்பகமான சாட்சி அங்கே இருக்கிறது.

கீழே இருப்பவர்களுக்கு மருந்து வேண்டுமென்றால் மருந்துக் கடை பக்கத்தில் இருக்க வேண்டும். 2009 ஜனவரியில் சென்னை ஓபனில் வைல்ட் கார்டோடு இறங்கிய சோம்தேவ் தேவ்வர்மன், அங்கே இரு முறை பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவையும் ஆறடி பதினோரங்குல இவோ கார்லோவிச்சையும் வென்று இறுதிவரை போனார். உள்ளூரில் அந்தத் தொடர் இல்லாதிருந்தால் அவருக்கு அந்த வாரமே இல்லை. 2017-க்குப் பிறகு அது சென்னையை விட்டுப் புனேக்குப் போனது. 2023-இல் அங்கே கடைசியாக நடந்தது. அடுத்த ஆண்டு நாள்காட்டியில் அந்த இடத்தில் ஹாங்காங் இருந்தது.